கீழ் வீட்டுக் கணப்பு

நிரோ,

திங்கட்கிழமை நீ போனில் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. கடையில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். பின்னேரத்தில் ரூ காய் தெரு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். மரக்கறிப் பெட்டிகளுக்கு நடுவே நின்று பேசுகிற விஷயமும் அது இல்லை. "அம்மா ஏன் அப்பிடிச் செய்தவ? எலோடி அழுதவள், அப்பா" என்று தமிழில் கேட்டாய். கோபம் வந்தால் நீ பிரெஞ்சுக்கு மாறிவிடுவாய். அன்றைக்கு மாறவில்லை, அதனால் எனக்கு இன்னும் பயமாகப் போய்விட்டது. ஆகவே நானும் தமிழிலேயே எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்த எழுத்து உனக்கு மறந்திருக்காது. எழுத்துக் கூட்டி மெதுவாக வாசி. விளங்காத சொல் வந்தால் என்னைக் கேள், அம்மாவைக் கேட்காதே. அவளுடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆனால் இதைத் திரும்ப வாயால் சொல்லும்படி அவளை யாரும் கேட்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை நீயும் எலோடியும் புது வீட்டுக்கு எங்களையும் எலோடியின் பெற்றோரையும் அழைத்தபோது நாங்கள் எவ்வளவு சந்தோஷமாக வந்தோம் என்று உனக்குத் தெரியும். கூசேன்வில்லைத் தாண்டி ரயிலில் அவ்வளவு தூரம் வந்தும் அம்மா களைக்கவில்லை. எலோடியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, குழந்தை மருமகளின் அழகோடு பிறக்கட்டும் என்று என் காதில் சொன்னாள். சாப்பாடு முடிந்த பிறகு எலோடியின் அப்பா அந்தப் பெரிய கணப்பில், நீங்கள் ஷெமினே என்று சொல்வதில், விறகை அடுக்கிப் பத்திரிகைத் தாளைச் சுருட்டி மூட்டினார். முதலில் புகை அறைக்குள்ளே திரும்பி வந்தது. எல்லோரும் இருமிக்கொண்டே சிரித்தீர்கள். நீ தோட்டத்துக் கதவைத் திறந்தாய், புகை போனது, குளிர் வருகிறது என்று கதவை மறுபடி சாத்தினாய். எலோடி ஒரு தலையணையைப் போட்டு நெருப்புக்கு முன்னால் தரையில் இருந்துகொண்டாள். அம்மா அப்போதுதான் எழும்பினாள். கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு குசினிக்குப் போய், ஜன்னலைத் திறந்து வைத்து அதன் பக்கத்தில் இருந்தாள். எலோடி கேக்கோடு போய்க் கூப்பிட்டும் வரவில்லை. "மெர்ஸி" என்று நன்றி மட்டும் சொன்னாளாம். நாங்கள் புறப்படும் வரைக்கும் அங்கேயே இருந்தாள். இந்த வீட்டை, அல்லது தன்னை, மாமிக்குப் பிடிக்கவில்லை என்று எலோடி நினைத்திருக்கிறாள். வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

நான் எழும்பிப் போகவில்லை. நான் உன் கணப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விறகு சீறியது, வெட்டிய முனையில் தண்ணீர் நுரைத்தது. சுவரின் அடியில் வெளிக்காற்று வருவதற்கான சின்னக் கிராதி இருக்கிறதே, அதன் மேல் நீ சாமான் கட்டுகிற பழுப்பு ஒட்டுநாடாவை ஒட்டியிருந்தாய். புகைபோக்கி கடைசியாக எப்போது துப்புரவு செய்யப்பட்டது என்று கேட்டேன். விற்றவர் செய்ததாகச் சொன்னார் என்றாய். அதற்குக் கடதாசி இருக்கா என்று கேட்டேன். "செ பொன், அப்பா, எல்லாம் சரி" என்று சிரித்தாய். சம்பந்தி வீட்டாருக்கு முன்னால் அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை. திரும்பி வரும் ரயிலிலிருந்துதான் உனக்குப் போன் எடுத்தேன். துப்புரவு செய்கிற ரமோனர் வந்து பார்க்கும் வரை மூட்டாதே என்று கெஞ்சினேன். "ஓம் அப்பா, ஓம்" என்றாய். நெருப்பைக் கண்டு பயப்படுகிற வயசாகிவிட்டது என்று நினைத்திருப்பாய். என் வயசுக்கும் இந்தப் பயத்துக்கும் சம்பந்தமில்லை. உன்னைவிட இளமையாக இருந்தபோதே வந்த பயம் இது.

மார்க்ஸ் டோர்மோயில் நாங்கள் இருந்த முதல் வீடு உனக்கு நினைவிருக்காது. அந்த வீட்டை விட்டு வந்தபோது நீ குழந்தை. பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இரண்டு அறைகள். படுக்கிற அறையில் சலவைக்கல் வைத்த ஒரு கணப்பு இருந்தது. எங்களுக்கு முன்னால் இருந்த யாரோ அதன் வாயைப் பலகையால் அடைத்திருந்தார்கள். அம்மா அந்தக் கல்லின் மேல் சுவாமிப் படங்களை வைத்தாள், பலகைக்கு முன்னால் உன் கட்டிலைப் போட்டோம். எங்களுக்குக் கீழே, இரண்டாம் மாடியில், புதுச்சேரிக்காரர்கள் இருவர் இருந்தார்கள். லூர்துசாமி ஐயாவும் அவருடைய மனைவி செலின் அம்மாவும். அவர் அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் கல்யாணம் கட்டித் தெற்கே போய்விட்டார்கள். அம்மா அலுவலகங்களைத் துப்புரவு செய்யப் போகும் நேரமெல்லாம் உன்னைச் செலின் அம்மாதான் வைத்திருந்தார். நீ முதலில் பேசிய தமிழ் அவருடைய தமிழ். எங்களை "வாங்க, உக்காருங்க" என்று நீ மரியாதையாகச் சொல்ல, நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

அந்த ஆண்டு குளிர் கடுமையாக இருந்தது. கட்டடத்தின் மின்சார ஹீட்டர்கள் போதவில்லை. லூர்துசாமி ஐயா தன் வீட்டுக் கணப்பைத் திறந்தார். டார்ச் அடித்து மேலே பார்த்தாராம், தடை ஒன்றும் இல்லையாம். சந்தையில் விறகும் கரியும் வாங்கி வந்து மூட்டினார். புகை நேராக மேலே போனது, அறைக்குள் கொஞ்சமும் திரும்பவில்லை. அவ்வளவு நல்ல கணப்பு. நாங்களும் இறங்கிப் போய் அதன் முன்னால் இருந்தோம். நீ கைகளை நீட்டி நீட்டி இழுத்தாய். நாங்கள் எழும்பியபோது செலின் அம்மா சொன்னார்: "சூடு மேலதானே ஏறும் தம்பி. எங்க நெருப்பு உங்க வீட்டுக்கும் சேத்துதான். குழந்தைக்குக் குளிர் ஆகாதுல்ல." அன்றிலிருந்து அவர்கள் தினமும் மூட்டினார்கள். மாலையில் நாங்கள் வேலையால் வருகிற நேரம் பார்த்து, நெருப்பை அணைக்காமல் தணலாக்கிச் சாம்பலால் மூடி வைத்தார்கள். மேலே இருக்கிற எங்களுக்காக.

கொஞ்ச நாளில் எனக்குத் தலையிடி தொடங்கியது. கடையில் நிற்கும்போது இருக்காது, வீட்டுக்கு வந்தால் வரும். வேலைக் களைப்பு என்று நினைத்தேன். அம்மாவுக்குத் தலைச்சுற்றும் சத்தியும். அதில் எங்களுக்குக் கவலையே வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது, ஏனென்றால் அவள் அப்போது பிள்ளைத்தாய்ச்சி. உனக்கு ஒரு தம்பியோ தங்கையோ வரப் போவது எங்களுக்கும் கீழ் வீட்டாருக்கும் மட்டும்தான் தெரியும். செலின் அம்மா மிளகு ரசம் வைத்து அனுப்பினார். நீ சாப்பிடாமல் தூங்கித் தூங்கி விழுந்தாய். டொக்டர் உன்னைப் பார்த்துவிட்டு, குளிர்காலக் காய்ச்சல் எல்லாப் பிள்ளைகளுக்கும் வருகிறது என்றார். அவருடைய அறையில் நீ ஓடி விளையாடினாய். அம்மாதான் முதலில் கவனித்தாள். "என்னப்பா, வெளியால போனாப் பிள்ளை சுகமா நிக்கிறான். வீட்டுக்க வந்தா வாடிப்போறான். இந்த வீட்டில ஏதோ இருக்கு" என்றாள். கண்ணூறாக இருக்கும் என்று மிளகாய் சுற்றிப் போட்டோம். ஜன்னல்களை இன்னும் இறுக்கமாகச் சாத்தினோம், குளிர்தான் காரணம் என்று நினைத்து.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் நான் கடையிலிருந்து சாப்பிட வந்தேன். கதவைத் திறந்தபோது வீடு அமைதியாக இருந்தது. அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தாள், கண் திறந்திருந்தது, எழும்ப முடியவில்லை. "பிள்ளையைப் பாருங்கோ" என்று சொன்னாள், அதுவும் வாய்க்குள்ளே. நீ கட்டிலில் படுத்திருந்தாய். கன்னம் சிவந்து, நல்ல சுகமான பிள்ளையைப் போல இருந்தாய். கூப்பிட்டேன், உலுக்கினேன், தண்ணீர் தெளித்தேன். நீ எழும்பவில்லை. உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு படியில் இறங்கி ஓடினேன். சத்தம் கேட்டு லூர்துசாமி ஐயா வெளியே வந்தார். அவர்தான் உடனே பொம்பியேயை, தீயணைப்பு ஆட்களை, கூப்பிட்டார். பிறகு அந்த மனிதர் வயதையும் பார்க்காமல் மேலே ஏறிப் போய் அம்மாவைத் தாங்கிப் பிடித்து இறக்கிக்கொண்டு வந்தார்.

பொம்பியே வந்தார்கள். ஒருவருடைய மார்பில் ஒரு சின்னப் பெட்டி மாட்டியிருந்தது. அவர் எங்கள் வீட்டு வாசலில் கால் வைத்ததும் அது விடாமல் கத்தத் தொடங்கியது. கட்டடம் முழுவதையும் வெளியே இறக்கினார்கள். தெருவில் நின்றபடி ஒருவர் எனக்கு விளக்கினார். காபன் மொனொக்சைட் என்கிற வாயு. நிறம் இல்லை, மணம் இல்லை. கீழ் வீட்டு நெருப்பின் புகை போகிற குழாய் எங்கள் படுக்கை அறைச் சுவருக்குள்ளால்தான் மேலே ஏறுகிறது. பழைய செங்கல், நடுவில் சாந்து உதிர்ந்து வெடித்திருக்கிறது. அந்த வெடிப்பால் எங்கள் பலகைக்குப் பின்னால் கசிந்திருக்கிறது. சுவாலை விட்டு எரியும்போது குறைவு, தணலாக மூடி வைக்கும்போதுதான் அதிகம் என்றார். கீழே அவர்களுடைய வீட்டில் பெட்டி கத்தவே இல்லை. லூர்துசாமி ஐயா அதைக் கேட்டுக்கொண்டே நின்றார். கையில் உன்னுடைய ஒரு சப்பாத்தை வைத்திருந்தார், படியில் விழுந்ததை எடுத்திருக்கிறார். அதை எனக்குத் தரவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் உனக்கும் அம்மாவுக்கும் ஒட்சிசன் கொடுத்தார்கள். நீ மறுநாள் கண் விழித்து யோகர்ட் கேட்டாய். அம்மாவும் தேறினாள். வயிற்றில் இருந்த பிள்ளை தேறவில்லை. தாயின் இரத்தத்தில் இருப்பதைவிட அந்த வாயு வயிற்றுப் பிள்ளையிடம் அதிகமாகச் சேரும், தாயை விட்டுப் போன பிறகும் பிள்ளையை விட்டு லேசில் போகாது என்று டொக்டர் சொன்னார். நான்தான் அதைத் தமிழில் அம்மாவுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு எங்களுக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை. உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நீ சின்னவனாக இருந்தபோது சொல்ல முடியவில்லை. நீ வளர்ந்த பிறகு, சொல்லி என்ன ஆகப் போகிறது என்று விட்டுவிட்டோம். உன் வீட்டில் எரிக்கக் கணப்பு ஒன்று வரும் என்று நாங்கள் நினைக்கவில்லை.

செலின் அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தார். அறைக்குள் வராமல் நடையிலேயே நின்றார். நான் கூப்பிட்டும் வரவில்லை. அம்மாதான் படுத்தபடியே குரல் கொடுத்தாள், "உள்ளுக்கு வாங்கோ அம்மா" என்று. அவர் வந்து கட்டில் கால்மாட்டில் நின்று, "நான்தாம்மா தணலை மூடி மூடி வெச்சேன். தினமும் என் கையால வெச்சேன்" என்றார். அம்மா அவருடைய கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் இருத்தினாள். "நீங்கள் எங்களுக்குக் குளிரக்கூடாது எண்டு வைச்சனீங்கள். உங்களுக்குத் தெரியாது. எங்களுக்கும் தெரியாது" என்றாள். பிறகு இருவரும் அழுதார்கள், நான் வெளியே வந்துவிட்டேன். வசந்தம் வந்ததும் அவர்கள் தெற்கே மகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். லூர்துசாமி ஐயா இருக்கும் வரை புதுவருஷத்துக்குப் போன் எடுப்பார், உன்னுடைய படிப்பைப் பற்றி மட்டும் கேட்பார்.

இப்போது எலோடியிடம் போய்ச் சொல். மாமி குசினிக்குப் போனது அவளைப் பிடிக்காததால் இல்லை. பிள்ளையைச் சுமக்கிற ஒரு பெண், புகை திரும்புகிற ஒரு நெருப்புக்கு முன்னால் இருப்பதை அம்மாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "நீயும் என்னோடு எழும்பி வா" என்று சொல்லத்தான் வாய் எடுத்தாளாம். எலோடியின் பெற்றோருக்கு முன்னால், தனக்குத் தெரிந்த கொஞ்சப் பிரெஞ்சில், பயமுறுத்தாமல் அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் போயிற்று. பிள்ளையை இழந்த கதையை எலோடியிடம் முழுக்கச் சொல்வதா, பிரசவம் முடியும் வரை பொறுப்பதா என்பதை நீ முடிவு செய். உன் மனைவியை உனக்குத்தான் தெரியும்.

இனி நான் சொல்வதை ஒரு பயந்தாங்கொள்ளியின் பேச்சாக எடுக்காமல் கேள். கணப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதலில் அந்தக் கிராதியில் ஒட்டிய நாடாவை இன்றைக்கே உரித்துவிடு. நெருப்பும் நீங்களும் ஒரே காற்றைத்தான் எடுக்கிறீர்கள், அது வருகிற வழியை அடைத்தால் புகை போகிற வழியும் கெட்டுவிடும். ரமோனரை எழுத்தில் சான்றிதழ் தருகிறவராகப் பார்த்துக் கூப்பிடு, வருடா வருடம் குளிர் தொடங்குவதற்கு முன் கூப்பிடு. வீட்டுக் காப்புறுதிக்காரரும் அந்தக் கடதாசியைத்தான் கேட்பார்கள். கரியைச் சுரண்டினால் மட்டும் போதாது, குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று உள்ளே பார்க்கச் சொல். வழியோரம் விற்கிற பச்சை விறகை வாங்காதே. வெட்டி இரண்டு கோடை காய்ந்த விறகாக இருக்க வேண்டும். இரண்டு கட்டைகளைத் தட்டிப் பார், காய்ந்தது கணீரென்று கேட்கும், ஈரமானது தொப்பென்று கேட்கும். ஈர விறகின் புகைதான் குழாய்க்குள் தார் மாதிரிப் படிந்து, ஒரு நாள் அதுவே பற்றி எரியும். உடைந்த தளபாடமும் பெயின்ட் அடித்த பலகையும் எரிக்கக் கூடாது, ஸ்பிரிட் ஊற்றி மூட்டக் கூடாது. பெரிய கட்டைகளைக் கீழே வைத்து, சுள்ளிகளை மேலே வைத்து, மேலிருந்து மூட்டினால் புகை குறைவு. மூட்டுவதற்கு முன் குழாயின் தட்டுக் கதவு முழுக்கத் திறந்திருக்கிறதா என்று பார். தணல் இருக்கும்போது அந்தக் கதவை ஒருபோதும் சாத்தாதே, சூடு வீணாகிறது என்று தோன்றினாலும் சாத்தாதே. பொறி தெறிக்காமல் முன்னால் கம்பி வலை வை. தணல் முழுக்க ஆறாமல் தூங்கப் போகாதே.

சாம்பலைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் கடைக்கு வருகிற ஒருவர், விமான நிலையத்தில் வேலை செய்கிறவர், ஆறிவிட்டது என்று நினைத்துச் சாம்பலைப் பிளாஸ்டிக் வாளியில் அள்ளிக் கராஜில் வைத்துவிட்டு வேலைக்குப் போனார். அடுத்த நாள் தீப்பிடித்தது. கார் போனது, நல்ல காலம் வீடு தப்பியது. மூடி உள்ள இரும்பு வாளியில் அள்ளி, வெளியே, சுவரை விட்டுத் தள்ளி, கல்லின் மேல் வை. நாள் கணக்காக விட்டுப் பிறகு கொட்டு. குழாய்க்குள் ரயில் ஓடுவது போல ஒரு இரைச்சல் கேட்டால் குழாய்க்குள்ளே தீப்பிடித்துவிட்டது என்று அர்த்தம். தண்ணீர் ஊற்றாதே, சூட்டில் குழாய் பிளந்துவிடும். எலோடியைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்ப் பொம்பியேயின் நம்பர் பதினெட்டை அழுத்து. சாமான் எடுக்கத் திரும்பி உள்ளே போகாதே. ஒரே வீட்டில் இருவருக்கும் தலையிடி வந்தால், வெளியே போனதும் அது விட்டால், காரணம் தேடிக்கொண்டு உள்ளே இருக்காதே. ஜன்னல்களைத் திற, வெளியே போ, பிறகு கூப்பிடு.

கூரையில் பூட்டியிருக்கிற வட்டக் கருவி புகைக்கு மட்டும்தான் கத்தும், இந்த வாயுவுக்குக் கத்தாது. கணப்பு இருப்பது தெரியாமலே, புது வீடு என்று வாங்கி வந்த ஒரு வெள்ளைப் பெட்டியை, ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குக் கொண்டுவந்த கறிவேப்பிலைப் பைக்குள் வைத்துவிட்டு வந்தேன். அதை நீ இன்னும் கண்டிருக்க மாட்டாய். அது இந்த வாயுவுக்கான கருவி. நீங்கள் படுக்கிற அறையில் தலை உயரத்தில் வை. நாளைக்கு நான் இன்னொன்று வாங்கி அனுப்புகிறேன், அது கணப்பு இருக்கிற அறைக்கு. அம்மாவும் நானும் இப்போது இருக்கிற வீட்டில் எரிக்கிற ஒன்றும் இல்லை, எல்லாம் மின்சாரம். இருந்தும் எங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒன்று இருக்கிறது. நீ சிறு வயதில் அதை ரேடியோ என்று நினைத்துத் தட்டிப் பார்ப்பாய்.

ரமோனர் வருகிற நாளை எனக்குச் சொல். கடையில் லீவு கேட்டுவிட்டேன், நாங்கள் இருவரும் வருகிறோம். அவர் வேலை செய்யும் நேரம் அம்மா எலோடியோடு வெளியே இருப்பாள். அவளே அப்படிச் சொன்னாள்.

இன்னும் ஒன்று, இதற்குத்தான் எனக்கு நித்திரை வருவதில்லை. நாங்கள் புறப்படும்போது நீ என்னை மட்டும் மாடிக்குக் கூட்டிப் போய்க் குழந்தைக்கான அறையைக் காட்டினாய். தொட்டிலைச் சுவரோடு போட்டிருந்தாய். "கை வைச்சுப் பாருங்கோ அப்பா, இந்தச் சுவர் சூடா இருக்கு" என்று சந்தோஷமாகச் சொன்னாய். நான் கை வைத்துப் பார்த்தேன். நீ சொன்னது சரி, சூடாகத்தான் இருந்தது. நிரோ, இந்தக் கடிதத்தை மடித்து வைப்பதற்கு முன் மாடிக்குப் போய் அந்தத் தொட்டிலை எதிர்ச் சுவருக்கு மாற்றிப் போடு. பிள்ளை பிறக்க இன்னும் காலம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் இன்றைக்கே மாற்று. மாற்றிவிட்டு எனக்கு ஒரு போன் எடு. கடையில் எத்தனை பேர் நின்றாலும் எடுப்பேன்.

அப்பா